புகை பார்த்தார், பிரேக் பார்த்தாரில்லை

தகுதி என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் இச்சொல்லோடுதான் தொடங்குகின்றது. அங்கே அது நடுவுநிலைமை என்னும் அறத்தையே குறித்து நின்றது என்பர் பரிமேலழகர். அத்துணை உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருந்த சொல், இக்காலத்தில் இலங்கை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் படிவமொன்றிலும் இடம் பிடித்துள்ளது. பேருந்துகளும் லொறிகளும் பெறவேண்டுமென விதிக்கப்பட்ட பத்திரத்துக்குத் ‘தகுதிச் சான்றிதழ்’ என்று பெயர். பெயரிட்டவர் யாவரோ அறியோம், நன்றாகவே இட்டார். ஆளையும் பொருளையும் சுமந்துகொண்டு வீதிக்கு வரும் வண்டி, வீதிக்குத் தக்கதாய் இருக்கின்றதா என்று பரிசோதகர் ஒருவர் ஆராய்ந்து கூறும் கூற்று அது.

மோட்டார்ச் சைக்கிளுக்கு இத்தகுதிச் சான்றிதழ் வேண்டப்படுவதில்லை. அதன் உடையவர் ஆண்டுக்கொருமுறை மூன்று தாள்களைத் தேடுகிறார். முதலாவது காப்புறுதிப் பத்திரம். இரண்டாவது புகைப் பரிசோதனைச் சான்றிதழ். இவ்விரண்டும் கையிலிருந்தால் மூன்றாவதாகிய வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதன்பொருட்டு வெள்ளவத்தையார் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்தையும், கொட்டாஞ்சேனையார் கொழும்புப் பிரதேச செயலகத்தையும் நாடுவர். வீட்டிலிருந்தபடியே இணையவழியாகப் பெறுவாரும் உளர். இம்மூன்றனுள் வண்டியை நேரிற் கண்டே வழங்கவேண்டியது புகைச் சான்றிதழ் ஒன்றுதான். காப்புறுதிக்காரர் தவணைப் பணத்தைப் பார்க்கிறார். செயலகத்தார் தாளைப் பார்க்கிறார். புகை அளப்பவர் புகைக்குழாயின் வாயைப் பார்க்கிறார். பிரேக்கைப் பார்ப்பவர் யார்? டயரைப் பார்ப்பவர் யார்?

வினா சிறிதன்று. இந்நாட்டிற் பதிவு செய்யப்பட்ட மோட்டார் வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்களே. வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவருள் பெருந்தொகையினர் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றவரே. நம் வகுப்பறைகளிலிருந்து வெளியேறும் பிள்ளைகள் முதன்முதல் உழைத்துச் சேர்க்கும் பணத்தில் வாங்கும் பொருளும் பெரும்பாலும் இதுவேயாகும். ஆதலின் இது போக்குவரத்து அதிகாரிகளுக்கே உரிய விடயம் என்று ஆசிரியராயினோர் ஒதுங்கியிருத்தல் இயலாது.

புகைப் பரிசோதனையைக் குறைகூறுவது நம் கருத்தன்று. கொழும்பின் காற்றை மூக்கினால் அறிந்தவர்கள் அதனைக் குறைகூறார். கொட்டாஞ்சேனையின் மேட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும் வீதிகளிற் கொள்கலன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்த நாட்களில், ஜம்பட்டா வீதிக் கடைக்காரர் மாலையிற் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டிற் புகைப் பரிசோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனை நடத்தும் பணி தனியார் நிறுவனங்கள் இரண்டிடம் ஒப்படைக்கப்பட்டது. எண்ணெயையும் பெற்றோலையும் ஒருங்கே எரித்து நீலப்புகை கக்கிய பழைய இருவீச்சு எஞ்சின்கள் மெல்ல மெல்ல மறைந்தன. இவையெல்லாம் நன்மைகளே.

அப்பரிசோதனை நிகழும் முறையையும் சிறிது கூறவேண்டும். எஞ்சினைச் சூடேற்றி, ஓடாத நிலையில் மெதுவாக இயங்கவிட்டு, புகைக்குழாயினுள் நீண்ட கருவியொன்றைச் செலுத்துவர். வெளிவரும் வாயுவிற் காபன் ஓரொட்சைட்டு எத்தனை வீதம், எரியாத ஐதரோக்காபன் எத்துணை என்று பொறி கணித்துக் கூறும். காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்த கலவை எரிந்தால் முதலாவது உயரும். காற்று வடிகட்டியில் அழுக்கு அடைத்திருத்தலும் கார்பரேற்றர் பிழையாகத் திருகப்பட்டிருத்தலும் இதற்குக் காரணங்களாம். பிளக் சரியாகப் பொறி தராவிடின் இரண்டாவது உயரும். புகைக்குழாயில் ஓட்டையிருந்தால் வெளிக்காற்று உட்கலந்து அளவே பிழைபடும். நோயாளியின் மூச்சைக்கொண்டு நோயறியும் முறை இது என்னலாம். மூச்சைக்கொண்டு நுரையீரலை அறியலாம், முடக்குவாதத்தை அறியமுடியாது.

கெட்டிக்காரர் சிலர் இங்கும் உளர். பரிசோதனைக்கு முதல்நாள் கார்பரேற்றரின் திருகாணியைச் சிறிது திருப்பிக் கலவையை மெலிவித்து, சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் பழையபடி திருப்பிவிடுவர். பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் படிக்கும் மாணாக்கரை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, கொழும்பின் தென்பகுதியிலுள்ள பரிசோதனை நிலையமொன்றின் வாயிலிற் சிறிது நேரம் நிற்க நேர்ந்தது. நம்மிடம் முன்னர்ப் படித்த இளைஞர் ஒருவர் வண்டியோடு வரிசையில் நின்றார். சான்றிதழைப் பெற்று முகமலர்ச்சியோடு வந்தவரின் பின்டயர் கண்ணிற் பட்டது. நடுப்பகுதி தேய்ந்து, வரி என்று சொல்ல ஒன்றுமில்லாமல், உள்ளங்கை போல வழுவழுப்பாயிருந்தது.

“தம்பி, பின் டயர் மொட்டையாய்ப் போச்சுதே. இதுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை சேர். இவை அதைப் பாக்கிறேல்லை. புகை சரியெண்டால் சரி.”

“அப்ப அதை ஆர் பாக்கிறது?”

சிறிது யோசித்துச் சிரித்தார். “பொலிசு மறிச்சால் பாப்பினம் சேர்.”

அவர் கூறியதிற் பிழையில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம், பழுதுள்ள வண்டியை வீதியிற் செலுத்துதலைத் தடுக்கின்றது. வீதியில் மறித்துப் பார்க்கும் அதிகாரமும் உண்டு. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் விதிக்கு மாறாகப் பூட்டியிருந்த அலங்காரங்களையும் விளக்குகளையும் பொலிசார் கழற்றுவித்ததை வாசகர் மறந்திரார். ஆனால் வீதியோரத்தில் மறிக்கும் கண் முதலிற் காண்பது கண்ணைப் பறிப்பதையே. பிரேக்கின் உட்பஞ்சு தேய்ந்திருப்பது வெளியே மினுங்குவதில்லை.

வெள்ளவத்தையிற் கடல் அண்மையில் உள்ளது. மாலைக் காற்று இனிது. அது கொண்டுவரும் உப்பு இரும்புக்கு இனிதன்று. கரையோர வீதியை அண்டிய தொடர்மாடிகளின் கீழே இரவெல்லாம் நிற்கும் மோட்டார்ச் சைக்கிள்களின் செயினை விரலாற் தொட்டுப்பாருங்கள், செம்பொடி ஒட்டும். காலி வீதிக்கு உட்புறமாகச் சந்தொன்றிற் சிறு கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், நாம் வினவியபோது கூறிய சொல் மனத்திற் பதிந்தது: “சேர், எஞ்சின் சத்தம் மாறினால் சனம் ஓடி வரும். பிரேக் பிடியாட்டில் வராது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடும்.”

இதைவிடச் சுருக்கமாக இவ்விடயத்தை எவராலும் கூறமுடியாது. எஞ்சின் பிழைத்தால் வண்டி நின்றுவிடும். ஆதலின் அதன் பிழை தானே தன்னைத் தெரிவிக்கின்றது. பிரேக்கோ நாளுக்கு மயிரிழையளவாகத் தேய்கின்றது; கையும் நாளுக்கு மயிரிழையளவாக அதற்குப் பழகிவிடுகின்றது. சாதாரண வண்டிகளின் பின்சக்கரத்தில் உள்ள உருளைப் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். உள்ளேயிருக்கும் பஞ்சுக்கட்டைகள் தேயத்தேய, வெளியேயுள்ள கம்பியின் சுரையை ஓரிரு சுற்று இறுக்கினாற் போதும். மிதி மறுபடியும் புதிதுபோல் ஆகிவிடும். இறுக்கியவர் பழுது நீங்கிற்றென்று எண்ணுகிறார். தேய்வு மறைந்ததன்றி நீங்கவில்லை. இதனை அறிந்தே வண்டி செய்தவர்கள், பிரேக் மிதியை அழுத்தும்போது நகரும் சிறிய அம்புக்குறியொன்றைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எதிரேயுள்ள கோட்டை அது தொட்டால் கட்டைகளை மாற்றவேண்டும் என்பது பொருள். பத்தாண்டு வண்டியோட்டியவருள்ளும் அந்த அம்புக்குறியைக் காணாதவர் பலர். முன்சக்கரத்தில் தட்டுப் பிரேக் உள்ள வண்டியானால், அதன் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்பினது. ஈரமேறிய எண்ணெய் சூட்டிற் குமிழியிட்டால், மிக வேண்டிய வேளையிற் பிடி தளர்ந்துவிடும். கடற்காற்று வீசும் ஊரில் இதனை இரண்டாண்டுக்கொருமுறையேனும் மாற்றுதல் நலம்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்று அறிக. கல்வெட்டு வாசிப்பதைவிட எளிது. ஆயினும் டயர் வாங்குவோருள் இதனை வாசிப்பவர் அரியர். றப்பர் ஓடினாலும் முதுமை எய்தும். ஓடாதிருந்தாலும் முதுமை எய்தும். கடையின் பின்னறையில் ஆறாண்டு கிடந்த டயர் கறுப்பாகவும் வரியோடும் இருக்கும். அதன் உடல் இறுகிப் போயிருக்கும். மழையில் வீதியைப் பற்றாது.

இம்முதுமை பற்றிய பேச்சு இந்நாட்டிற்குச் சிறப்பாகப் பொருந்தும். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு வாயில் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்த வண்டிகளே ஓடின; பழைய வண்டியின் விலை புதியதன் விலையைக் கடந்தது; எதிர்ப்பாகங்களின் விலையும் ஏறிற்று. 2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றனர். அந்நாட்களில் எல்லோருடைய கவலையும் தாங்கியிலே இருந்தது. பிரேக்கை நினைக்க எவருக்கு மனமிருந்தது? பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு அக்காலத்திற் பலருக்குக் கைகொடுத்தது உண்மையே. ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொரு வண்டிக்கு உயிர்கொடுக்கும் வித்தையில் அத்தெருவினரை வெல்வார் இல்லை. ஆயினும் பழைய கண்ணாடியையும் பழைய விளக்கையும் வாங்கலாம். பழைய பிரேக் கட்டையையும் பழைய டயரையும் வாங்குதல் பிறர் அணிந்து தேய்ந்த மூக்குக்கண்ணாடியை வாங்குதல் போன்றதாம்.

2023 ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் நம் மாணாக்கருள் ஒருவராயிருந்த இளைஞர் இரவு வேலை முடிந்து வீடு திரும்புகையில் வழுக்கி விழுந்து மாண்டார். ஊரும் பேரும் வேண்டா. வேகமும் காரணமாயிருக்கலாம், வீதியிற் சிந்திக்கிடந்த எண்ணெயும் காரணமாயிருக்கலாம். மறுநாள் வண்டியைச் சென்று பார்த்தவர்கள், பின்டயரில் வரி எஞ்சியிருக்கவில்லை என்றனர். செத்தவீட்டில் தந்தையார் வண்டியின் தாள்களையெல்லாம் ஓர் உறையிலிட்டு வைத்திருந்தார். காப்புறுதிக்காகக் கேட்பார்கள் என்று யாரோ கூறியிருந்தனராம். வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். புகைச் சான்றிதழ் இருந்தது, அவ்வாண்டிற்குச் செல்லுபடியானது, எல்லா அளவும் வரம்புக்குட்பட்டவை. “எல்லாம் சரியாத்தானே வைச்சிருந்தவன், மாஸ்டர்” என்று அவர் நம்மைக் கேட்டார்.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் முறையன்று. மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்கு வண்டியின் பழுது காரணமாவது மிக அருமை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அமெரிக்காவிலே தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேட் என்பார், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 900 விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து 1981 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். வண்டிப் பழுதினால் நேர்ந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அவற்றுள்ளும் பெரும்பாலானவை டயரிற் காற்றுப் போனமையால் நேர்ந்தவை என்பது அவர் கண்ட முடிபு. பின்னர் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்தவர்கள், வண்டியே முதற்காரணமானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் மிகக் குறைவு என்றனர். மற்றைய வாகனமோட்டியின் கவனக்குறைவே அங்கும் இங்கும் முதலிடம் பெற்றது.

இவ்வெண்களைக் கையிலேந்தியே பிரான்சு நாட்டு மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் பல்லாண்டு போராடினர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு விதி, பெரிய மோட்டார்ச் சைக்கிள்களையும் 2022 முதற்கொண்டு காலந்தோறும் பரிசோதிக்கவேண்டும் என்றது. பிரெஞ்சு அரசு 2021 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஆணை பிறப்பித்தது. மறுநாளே அதனை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டில் அவ்வாணையை நீக்கியும் விட்டது. அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அந்நீக்கம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஈற்றில் 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 முதல் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்களெல்லாம் சட்டத்துக்கடங்காதவர் அல்லர். தம் வண்டியைத் தாமே பேணுகிறோம், இது கட்டணம் பறிக்கும் வழி என்பது அவர்தம் வாதம். அதனைச் செவிமடுக்காமல் விடல் ஆகாது.

ஆனால் இரண்டு செய்திகளை நோக்குக. முதற்காரணம் என்பது வேறு, முடிவை நிர்ணயிப்பது வேறு. எதிரே ஓட்டோ திடீரென்று திரும்புகிறது, பிழை ஓட்டோக்காரருடையதே. ஆயினும் பிரேக் நல்லதாயின் வண்டி ஒரு முழம் முன்னே நின்றிருக்கும். அந்த ஒரு முழம் எந்தப் புள்ளிவிபரத்திலும் வண்டிப் பழுதென்று எழுதப்படுவதில்லை. இரண்டாவது, அந்த ஆராய்ச்சிகள் நடந்த நாடுகளின் வண்டிகள் வேறு, நம் வண்டிகள் வேறு. அங்கே பலருக்கு மோட்டார்ச் சைக்கிள் விடுமுறைநாள் விளையாட்டு. இங்கே அது குடும்ப வண்டி. காலையிற் பள்ளிக்கூட வாயிலில் நின்று பார்த்தால் தந்தை, முன்னே ஒரு பிள்ளை, பின்னே தாய், இடையே மற்றொரு பிள்ளையும் புத்தகப்பையும் என்று நூறு சீ.சீ. வண்டியொன்று நான்கு பேரைச் சுமந்து வரும். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் கூறினார். பீலியே அச்சை முறிக்குமாயின் புத்தகப்பை என்ன செய்யாது!

இன்னொன்றும் வியப்பாயிருக்கிறது. ஐரோப்பிய விதி 125 சீ.சீ.க்கு மேற்பட்ட வண்டிகளையே முதன்மையாகக் கருதிற்று. ஜப்பானில் 250 சீ.சீ.க்கு மேற்பட்டவையே இரண்டாண்டுக்கொருமுறை பரிசோதிக்கப்படுகின்றன, அதற்குட்பட்டவற்றுக்கு விலக்குண்டு. செல்வ நாடுகளில் சிறிய வண்டி அற்பமானது, ஆதலின் விலக்கினர். நம் நாட்டு வீதிகளில் ஓடுவனவோ பெரும்பாலும் அச்சிறிய வண்டிகளே. அவர்கள் விதியை அப்படியே எழுத்துக்கெழுத்து நாம் பெயர்த்துக்கொண்டால், பரிசோதிக்க வண்டியே அகப்படாது.

அளவு பாராது ஆராயும் நாடுகளும் உள. சிங்கப்பூரில் மூன்றாண்டு கடந்த மோட்டார்ச் சைக்கிள் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். அங்கு வாழும் தமிழர் இதனை ஒரு துன்பமாகப் பேசக் கேட்டதில்லை. பல்துலக்குதல் போல் அதுவும் ஒரு வழக்கம். பிரித்தானியாவில் 1960 ஆம் ஆண்டிற் பத்தாண்டு கடந்த வண்டிகளின் பிரேக்கையும் விளக்கையும் திசைதிருப்பியையும் மட்டும் பார்ப்பதென்று தொடங்கினர். பார்த்தவற்றுட் பழுதுள்ளவை அத்துணை மிகுதியாயிருந்தமையால், அடுத்த ஆண்டிலேயே ஏழாண்டு என்று குறைத்தனர். 1967 இல் மூன்றாண்டாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த நம்மவர் இன்று ‘எம்.ஓ.ரி.’ என்று வழங்குவது இதனையே. மோட்டார்ச் சைக்கிளும் அதற்குட்பட்டதே. தமிழ்நாட்டிலே தனியார் மோட்டார்ச் சைக்கிளின் பதிவு பதினைந்தாண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கொருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். அதுவரை அங்கும் புகைச் சான்றிதழே ஆட்சி செய்கின்றது. பதினைந்தாண்டு நீண்ட காலம்.

அரசு விதித்தாலன்றிப் பரிசோதனை பிறவாது என்று கருதுவோருக்கு ஜெர்மனியின் கதை பயன்படும். 1865 ஆம் ஆண்டு மன்ஹைம் நகரத்து மதுவடிசாலையொன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அப்பகுதித் தொழிலதிபர்கள் அரசின் ஆணைக்குக் காத்திராமல், மறு ஆண்டிலே தாமே ஒரு சங்கம் அமைத்து, பொறியியலாளரை நியமித்து, தத்தம் கொதிகலன்களைத் தாமே சோதிப்பித்தனர். அவ்வகைச் சங்கங்களின் வழிவந்தவையே இன்று அந்நாட்டில் மோட்டார் வாகனங்களைப் பரிசோதிக்கும் புகழ்பெற்ற நிறுவனங்கள். ஆண்டுப் பரிசோதனையின் வேர் அச்சத்தில் இருந்தது, தண்டப்பணத்தில் இருக்கவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் அடிமரத்தில் மற்றொரு அச்சைக் கட்டிச் சென்றனர் என்று ஔவையார் புறநானூற்றில் ஒரு செய்தி தருகிறார். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். எருதோ இளையது, பாரமோ பெரிது, வழியில் எந்த மேடு எந்தப் பள்ளம் என்று யார் அறிவார் என எண்ணியே அவர் அதைக் கட்டினர். புலவர் அதனை அதியமான் மகனுக்கு உவமையாக்கினார். நமக்கு இங்கு உவமை வேண்டா, பொருளே போதும்: புறப்படுமுன் வண்டியின் அடியை ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார்.

எனவே நாம் கேட்பது பெரிதொன்றன்று. இன்னுமொரு வரிசை வேண்டா. இன்னுமொரு அலுவலகம் வேண்டா. மோட்டார்ச் சைக்கிள் ஆண்டிலொருநாள் எப்படியும் புகை அளக்குமிடத்துக்கு வருகின்றது. எஞ்சின் சூடேறும்வரை பணியாளர் காத்து நிற்கவேண்டும். அந்த நேரத்தில் முன்டயரையும் பின்டயரையும் பார்க்கலாம். இரு பிரேக்கையும் அழுத்தி அம்புக்குறியைப் பார்க்கலாம். பின்விளக்கு எரிகின்றதா, பிரேக் பிடிக்கையில் அது ஒளிர்கின்றதா என்று பார்க்கலாம். செயினைத் தூக்கி அதன் தளர்வை அறியலாம். கைபிடியை இருபுறமும் திருப்பி இறுக்கம் உண்டா என்று காணலாம். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாது. கண்டதைச் சான்றிதழின் பின்புறத்தில் அச்சிட்டுக் கொடுத்தாற் போதும்.

தொடக்கத்திற் சிலவாண்டுகளுக்கேனும் அதைக்கொண்டு அனுமதிப்பத்திரத்தை மறுத்தல் வேண்டா. மறுக்கும் அதிகாரம் எங்குண்டோ அங்கே கைநீட்டும் பழக்கமும் வந்துசேரும் என்று அஞ்சுவோரின் அச்சம் நியாயமானதே. தொழிலுக்குப் போக ஒரே வண்டி வைத்திருக்கும் ஏழைக்கு, இரண்டு டயரும் ஒருங்கே மாற்று என்று கட்டளையிட்டால் அவன் எங்கே போவான்? பிரித்தானியாவிலும், வண்டியைத் தள்ளிவிடும் பழுது வேறாகவும், விரைவிற் கவனிக்க என்று சொல்லும் அறிவுரைக் குறிப்பு வேறாகவும் வைத்திருக்கின்றனர். நமக்கு முதலில் வேண்டுவது இவ்வறிவுரைக் குறிப்பே. ‘பின்டயர் தேய்ந்துள்ளது’ என்று அச்சிட்ட ஒரு வரி வீட்டுக்கு வந்தால், மகன் வாசியாவிட்டாலும் தாய் வாசிப்பாள். அதன்பின் அந்த வீட்டில் நிகழ்வதை நாம் சொல்லவேண்டியதில்லை.

பாடசாலைகளும் சற்று உதவலாம். பிள்ளைகளுக்கு நெம்புகோலையும் உராய்வையும் விஞ்ஞான பாடத்திற் கற்பிக்கிறோம். உராய்வுக்கு உதாரணம் கேட்டால் சாய்தளத்தில் மரக்கட்டை என்கிறார்கள். வாயிலில் ஆசிரியரின் மோட்டார்ச் சைக்கிள் நிற்கின்றது. வகுப்பை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று, நான்கு இலக்கத்தை வாசிக்கவும் அம்புக்குறியைக் காட்டவும் கேட்டால் பாடம் விளங்கும். அவ்வாசிரியரின் வண்டியும் ஒருமுறை பார்க்கப்பட்டதாகும்!

இதனிடையே காலம் மற்றொரு பக்கம் திரும்புகின்றது. மின்கலத்தில் இயங்கும் மோட்டார்ச் சைக்கிள்கள் வெள்ளவத்தைச் சந்துகளிலும் ஓசையின்றி ஓடத் தொடங்கியுள்ளன. விடியற்காலையிற் பின்னால் வந்து நின்றாலும் தெரிவதில்லை. பெற்றோல் வண்டியைப் போலவே அவற்றுக்கும் டயர் உண்டு, பிரேக் உண்டு, விளக்கு உண்டு. மின்கலத்தின் பாரமும் உண்டு. புகை மட்டும் இல்லை. ஆதலின் அவை புகை அளக்குமிடத்துக்கும் வரமாட்டா. ஆண்டிலொருநாளேனும் அந்நியக் கண் ஒன்று அவற்றின்மேற் படாது.